பத்தொன்பது மார்க்

“நான் எழுதினதுக்கு நான் நாற்பத்து மூணு போட்டேன். நீ இருபத்து நாலு ஆக்கினே. மிச்சம் பத்தொன்பதை எங்கம்மா வெச்சிருக்கே? எடுத்துக் குடு.”

இப்படித்தான் கேட்கிறாள், அக்கா. ஒரு எழுத்து மாற்றாமல் சொல்கிறேன். இட்லித் தட்டை முன்னால் வைத்தால் இதைக் கேட்கிறாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நின்று இதைக் கேட்கிறாள். இன்றைக்குக் காலையில் பஸ்ஸில், கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அவர் முன்னாலேயே கேட்கிறாள். பிள்ளையின் சங்கிலியை அடகு வைத்துத் தின்றுவிட்ட தாய் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். கத்தினாலாவது பதிலுக்கு நானும் கத்தலாம். கத்த மாட்டாள். கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று கேட்கிற குரலில் கேட்பாள்.

அதோ, அந்த வாதாம் மரத்தடியில், சிமென்ட் திட்டில், நீலச் சுடிதார். அவள்தான். பெனிலா. எனக்கு ஒரே பிள்ளை. இங்கே இரண்டாம் வருஷம் ஆங்கில இலக்கியம். கூனிக்கொண்டு உட்காராதே என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, பாருங்கள், எப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் தங்கச்சி மகளுக்கு டி.சி. வாங்க வந்தவர்கள். உங்களுக்கு என்ன, வரிசை நகர்ந்தால் கையில் காகிதம் வந்துவிடும். எனக்கு அப்படி இல்லை. எதிரே தெரிகிறதே, அது துறைத் தலைவியின் அறை. ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் அந்த மரத்தடி மகாராணி ஒரு தாளில் நாலு வரி எழுதி உள்ளே கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஹைதராபாத். கொடுக்காவிட்டால் என்னோடு வீடு. அவள் நாலு வரி எழுத மாட்டேன் என்கிறாள். காலையிலிருந்து இதே கதை.

சொல்கிறேன், கேளுங்கள். நீங்களே சொல்லுங்கள் நான் செய்ததில் என்ன பிழை என்று.

இந்த வருஷம் புதிதாக ஒரு மிஸ் வந்திருக்கிறாள். யாழினி என்று பெயர். முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பாள், கைத்தறிப் புடவை, பின் குத்தத் தெரியாமல் குத்தியிருப்பாள். அவள் கொண்டுவந்த ஏற்பாடு இது. பிள்ளைகள் கட்டுரை எழுத வேண்டும். எழுதினதை அப்படியே கொடுக்கக் கூடாது. தானே உட்கார்ந்து படித்து, ஐம்பதுக்கு எத்தனை என்று தனக்குத் தானே மார்க் போட வேண்டும். ஏன் அத்தனை என்று அடியில் மூன்று காரணம் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். காரணம் சரியாக இருந்தால் அந்த மார்க்தான் மார்க். மிஸ் அதைத் தொட மாட்டாளாம். வாத்தியார் வேலையைப் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டுச் சம்பளம் வாங்க நல்ல வழி என்று நான் சொன்னேன். பெனிலாவுக்குக் கோபம் வந்தது. யாழினி மிஸ் என்றால் அவளுக்கு அப்படி.

சரி, அதோடு போனால் பரவாயில்லை. ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இங்கேயிருந்து இரண்டு பிள்ளைகளை அனுப்புகிறார்கள். ஒரு செமஸ்டர் அங்கே படிப்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நன்றாகச் செய்தால் எம்.ஏ.வும் அங்கேயே. யாரை அனுப்புவது என்பதற்கு இந்தக் கட்டுரைதான் கணக்கு. முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் பேரையே எழுத மாட்டார்கள். சிலபேர் இதைக் கேட்டதும் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்பார்கள். நான் அப்படி இல்லை, அக்கா. நான் கான்வென்டில் படித்தவள். போகட்டும் என்றுதான் சொன்னேன். பெட்டிகூட நான்தான் வாங்கி வைத்தேன். சின்னப் பெட்டிதான். பெரிதாக வாங்கினால் இருக்கிறதையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவாள், பிறகு வீட்டில் என்ன இருக்கும். அங்கே சாப்பாட்டில் காரம் ஜாஸ்தி, இவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? தாய் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

கட்டுரைத் தலைப்பு, ‘எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அறை’. ஆங்கிலத்தில். இவள் எங்கள் வீட்டுச் சமையலறையை எழுதினாள். எனக்குச் சந்தோஷம்தான். உலகத்தில் எத்தனை அறை இருக்கிறது, பிள்ளை என் அறையை எடுத்தாள். ராவும் பகலுமாக எழுதினாள். எழுதும்போது நான் அறைக்குள் போனால் கையை வைத்துத் தாளை மறைப்பாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிவிடுவாள் என்று மறைக்கிற மாதிரி. நானா இவளைப் பார்த்து எழுதப் போகிறேன்?

முடித்துவிட்டு நாற்பத்து மூன்று என்று போட்டு, மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் எடுத்துப் படித்தேன். வைத்தது எதற்கு? படிக்கத்தானே?

நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அதை நான் மறைக்கவில்லை. டப்பாக்களில் ஒட்டின பெயர் எல்லாம் முன்பக்கம் பார்த்து நிற்கும் என்று எழுதியிருந்தாள். கரண்டிகள் பெரிதிலிருந்து சிறிதாகத் தொங்கும் என்று. சின்ன வயதில் முக்காலி போட்டு ஏறி எனக்காக டீ போட்டாளாம், நான் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அதைக் கீழே ஊற்றிவிட்டு வேறு போட்டேனாம். உண்மைதான். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தாள். கடைசியில் இப்படி முடித்திருந்தாள், தமிழில் சொன்னால்: ‘எங்கள் சமையலறையில் ஒரு தப்புக்குக்கூட இடமில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து வைத்ததை ஒருத்தராவது கவனித்திருக்கிறார்களே. ஆனால் ‘நான் தேடிப் பார்த்துவிட்டேன்’ தேவையில்லாத வரி. முன்னால் சொன்னதையே இழுக்கிறது. அடித்தேன். அதோடு சேர்ந்து நிற்க முடியாமல் முந்தின வரியும் ஆடிற்று, அதையும் அடித்தேன். பென்சிலால்தான்.

பிறகுதான் மார்க்கைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. தப்பாகப் படித்தேனோ என்று இன்னொரு தடவை பார்த்தேன்.

உங்களுக்கு இது புரிய வேண்டும் என்றால் என் பள்ளிக்கூடத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் கான்வென்ட் என்று கேட்காதீர்கள், இன்னும் நன்கொடை கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அங்கே சிஸ்டர் கொன்சீலியா என்று ஒருத்தர். யாழினி மிஸ் பிறப்பதற்கு முன்னாலேயே அவர் இதைச் செய்தவர். கட்டுரை நோட்டைக் கொடுப்பதற்கு முன்னால் நாங்களே சிவப்புப் பென்சிலால் மார்க் போட வேண்டும். சிஸ்டர் தனியாகப் போடுவார். பிறகு வகுப்பில் இரண்டையும் வாசிப்பார். நீ போட்டது சிஸ்டர் போட்டதைவிட அதிகம் என்றால் மணி அடிக்கிறவரை பெஞ்சுமேல் நிற்க வேண்டும், மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நீ போட்டது குறைவு என்றால் சிஸ்டர் சிரிப்பார், உன் மார்க்கைத் தன் கையால் உயர்த்தி எழுதுவார், ஒரு மாதா படம் தருவார்.

இரண்டு மாதம் போதும், பெண்பிள்ளைகளுக்கு வித்தை பிடிபட்டுவிடும். தலைகீழ் ஏலம் மாதிரி. ஒருத்தி இருபது என்றால் அடுத்தவள் பதினெட்டு என்பாள். ரொம்பவும் இறங்கக் கூடாது. ஒருத்தி சைபர் போட்டாள், அது பணிவு இல்லை திமிர் என்று சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். எவ்வளவு கிடைக்கும் என்று மனசுக்குள் தெரிய வேண்டும், அதற்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும், தூக்கிவிடக் கை வரும். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மாதா படம் வைத்திருந்தேன்.

அந்தப் பழக்கம் லேசில் போகுமா? என்னைப் பெண் பார்க்க வந்தபோது சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். சுமாராகச் செய்வேன் என்றேன். ஆங்கிலம் நன்றாகப் பேசுவியாமே என்றார்கள். ஏதோ சுமாராக என்றேன். என் மாமியார் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். அந்த வீட்டில் இன்றைக்கும் நான் சுமார்தான். நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் ஆங்கிலத்தில் எழுத வெளியிலிருந்து ஒரு ஆளைப் பிடித்தார்கள், அதில் நாலு பிழை. அவர்கள் வளர்ப்பு அப்படி, கேட்டுத் தூக்கிவிடத் தெரியாது. அதற்கு என்ன செய்ய. நான் எதற்கு இதைச் சொல்ல வந்தேன்?

ஆங், நாற்பத்து மூன்று. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தாள். நான் தாளைக் கையில் வைத்திருந்தேன். உனக்கு இவ்வளவு தலைக்கனமா என்று கேட்டேன். தலைக்கனம் இல்லை, படித்துப் பார்த்துத்தான் போட்டேன், ஏழு மார்க் எங்கே போயிற்று என்றுகூட எனக்குத் தெரியும் என்று சொன்னாள். ஏழு! ஐம்பதுக்கு ஏழுதான் இவளிடம் குறை! நான் சிஸ்டரைப் பற்றிச் சொன்னேன். எத்தனையோ முறை சொன்னதுதான், மறுபடி சொன்னேன். இது சோதனை, மக்கா, மிஸ் உன் புத்தியைப் பார்க்கவில்லை, குணத்தைப் பார்க்கிறாள், குறைத்துப் போடு, அவளே உயர்த்துவாள் என்றேன். யாழினி மிஸ் அப்படிச் சொல்லவில்லை என்றாள். எந்த மிஸ் அப்படி வாயால் சொல்வாள்? சொல்லிவிட்டால் பிறகு அது என்ன சோதனை?

அவள் அப்பா கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அமலதாஸ், மின்வாரியத்தில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் பேச்சில் தலையிடுவார். அன்றைக்குத் தலையிட்டார்.

“இமெல்டா, அது பிள்ளை எழுதினது. பிள்ளையே போடட்டும்.”

உங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு லீவு லெட்டர் எழுத நான் வேண்டும், இதில் மட்டும் கருத்துச் சொல்வீர்களோ என்று கேட்டேன். டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அவளும் சாமானியத்தில் விடவில்லை. அழுதாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கடைசியில் உட்கார்ந்தாள். சொன்னால் கேட்கிற பிள்ளையாகத்தான் வளர்த்திருக்கிறேன். நாற்பத்து மூன்றை அடிக்க வைத்தேன், அடித்தால் அசிங்கமாக இருந்தது, முழுவதையும் வேறு தாளில் எழுத வைத்தேன். இருபத்து நாலு. பாதிக்கு ஒன்று கீழே. பார்த்தாலே எவருக்கும் மனம் இரங்குகிற எண். மூன்று காரணமும் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஒன்று, கட்டுரையில் ஒருமை இல்லை. இரண்டு, கவனிப்பு முதிர்ச்சி இல்லாதது, பெரியவர்கள் செய்வதைக் குறை காண்கிறது. மூன்று, முடிவு என்று ஒன்று இல்லாமல் கட்டுரை பாதியில் நின்றுவிடுகிறது. என் ஆங்கிலம் இன்னும் துருப்பிடிக்கவில்லை, அக்கா. எழுதினதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், சிஸ்டரே வந்து சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. ஒருவேளை மிஸ் கூப்பிட்டுக் கேட்டால் பின்வாங்காதே, அதுதான் கடைசிச் சோதனை என்று வாசல்வரை போய்ச் சொல்லி அனுப்பினேன்.

கூப்பிட்டிருக்கிறாள். இது நிஜமாகவே உன் மதிப்பீடுதானா, நல்லா யோசிச்சுச் சொல்லு என்று கேட்டிருக்கிறாள். இவள் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். பாருங்கள், அந்த விஷயத்தில் என் பேச்சைத் தட்டவில்லை.

மிஸ் இருபத்து நாலை அப்படியே வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். உயர்த்தவில்லை. ஒரு மார்க்கூட உயர்த்தவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். முதல் பெயர் சுடர்மதி. அவள் அப்பா பைபாஸில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர், அந்தக் கடையைத்தான் எழுதியிருக்கிறாள். தனக்குத் தானே போட்டுக்கொண்டது நாற்பத்து ஆறு. காரணம் என்ன எழுதினாளாம் தெரியுமா? ‘இதில் பிழைகள் உண்டு, எங்கே என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் என் அப்பாவின் கையைப் பற்றி நான் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லியிருக்கிறேன்.’ பிழை இருக்கிறது என்று தானே எழுதிவிட்டு நாற்பத்து ஆறு! சிஸ்டராக இருந்தால் அவளை ஒரு வாரம் பெஞ்சைவிட்டு இறக்கியிருக்க மாட்டார். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. முப்பத்தைந்துக்கு மேலே வேறு யாருக்கும் இல்லையாம்.

அன்றைக்குப் பெனிலா வீட்டுக்கு வந்து ஒரு சண்டை போட்டிருந்தால் முடிந்திருக்கும். போடவில்லை. கைகால் கழுவினாள், சாப்பிட்டாள். குழம்பு எப்படி என்று கேட்டேன், ஏதாவது பேச வேண்டுமே. ‘ஐம்பதுக்கு இருபத்து நாலு’ என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவினாள். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அதுதான். புதுச் செருப்பு கடிக்கிறதா? இருபத்து நாலு. தலைவலி எப்படி இருக்கிறது? இருபத்து நாலு. அவள் அப்பா ஒரு நாள் சிரித்துவிட்டார், அப்புறம் அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் அடுத்த கட்டுரை எழுத வேண்டியது வந்தது. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முறத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். “நீயே எழுதிரு, நீயே மார்க்கும் போட்டுரு. நேரம் மிச்சம்.” சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எழுதவே இல்லை, அக்கா. கொடுக்கவே இல்லை. ராவும் பகலுமாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. கையை வைத்து மறைத்து எழுதின பிள்ளை. இப்போது மேசையில் மறைக்க ஒன்றுமில்லை. நான் எப்போது வேண்டுமானாலும் அந்த அறைக்குள் போகலாம்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லையே. மறுநாளே இங்கே வந்தேன். துறைத் தலைவி ரோஸலிண்ட் மேடம் நல்ல மனுஷி, காது கொஞ்சம் மந்தம். அவரே சொன்னார், கோடு போட்ட இடம் காலியாகத்தான் இருக்கிறது, இந்தத் தேதி, அதாவது இன்றைக்கு, ஒரு மணிவரை பட்டியல் என் மேசையில் இருக்கும், அந்த மார்க் தன்னுடையது இல்லை என்றால் பிள்ளை அதை எழுதிக் கொடுக்கட்டும், மறுபடி பார்க்கிறேன் என்று.

பிள்ளை எழுத மாட்டேன் என்றாள். நான் எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். ‘கவனக்குறைவினால் நேர்ந்துவிட்ட எண்பிழை’ என்று கௌரவமாக, யாருக்கும் பழுதில்லாமல். எழுதி முடித்து, கொடுப்பதற்கு முன்னால், முறைப்படி எனக்கு நானே மார்க் போட்டுப் பார்த்தேன். ஐம்பதுக்கு நாற்பத்து எட்டு. இரண்டு குறைத்தது கையெழுத்துக்காக, வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

இன்றைக்குக் காலையில் அதை யாழினி மிஸ்ஸிடம் காட்டினேன். நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

“இந்த இங்கிலீஷை நான் ஏற்கெனவே படிச்சிருக்கேன், ஆன்ட்டி. அந்த மூணு காரணத்துல.”

ஆன்ட்டியாம். எனக்கு அவள் வயதில் தங்கச்சி இருக்கிறாள். என்னம்மா சொல்ல வருகிறாய் என்று கேட்டேன். அந்தக் கட்டுரைக்குத் தன் மனசில் நாற்பதுக்கு மேலே இருந்தது என்றாள். அந்தக் காரணங்கள் அவ்வளவு திடமாக இருந்ததால், இந்தப் பிள்ளை தன்னையே இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறாளே, இதை மாற்ற நான் யார் என்று விட்டுவிட்டாளாம். ராத்திரி தூக்கம் வரவில்லையாம். அவள் தூக்கத்தை வைத்து நான் என்ன செய்ய? அப்புறம் என் கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். பெனிலாவே எழுதட்டும் ஆன்ட்டி, தப்பும் தவறுமா இருந்தாலும் சரி, என்றாள். தப்பும் தவறுமாக எழுதினதை வாங்கிக்கொள்வாளாம். படித்த படிப்பைப் பாருங்கள்.

அதற்கும் சரி என்றேன். இறங்கிப் போனேன். பெனிலாவிடம் தாளைக் கொடுத்தேன். ஆச்சரியம், அக்கா, வாங்கிக்கொண்டாள். அந்தத் திட்டில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, எழுதினாள். நான் இந்தப் பெஞ்சில் இருந்தே பார்த்தேன், கை ஓடிற்று. ஒரு மாதமாக நான் பார்க்காத கை. எழுந்து வந்து என்னிடம் காட்டாமல் நேரே அந்த அறைக்குப் போகப் பார்த்தாள். இரு, கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க வேண்டாமா என்று வாங்கினேன். அது யார் எழுதினாலும் செய்ய வேண்டியதுதானே? சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது, மிஸ் சொல்லிக்கொடுப்பது, எல்லாம் அதுதானே?

எழுதியிருந்தது இது. ‘என் கட்டுரைக்கு நான் போட்ட மார்க் நாற்பத்து மூன்று. அம்மா மாற்றச் சொன்னாங்க. மாற்றினேன். மிஸ் கேட்டப்போ ஆமான்னு சொன்னேன், அதுவும் அம்மா சொன்னதுதான். நாற்பத்து மூன்றைத் திருப்பித் தாங்க.’

விண்ணப்பமா இது? சந்தையில் நின்று பேசுகிற மாதிரி. அம்மா, அம்மா என்று இரண்டு இடத்தில். ரோஸலிண்ட் மேடத்துக்கு என் அண்ணியைத் தெரியும், ஒரே பங்குக் கோயில். நாளைக்குப் பூசை முடிந்து வெளியே வரும்போது என்னை எப்படிப் பார்ப்பார்கள்? நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பேனாவை எடுத்து அந்த இரண்டு ‘அம்மா’வை அடித்தேன். அப்போது வாக்கியம் நிற்கவில்லை, ‘ஒரு மூத்தவரின் ஆலோசனையைத் தவறாகப் புரிந்துகொண்டதால்’ என்று மேலே எழுதினேன். கடைசி வரியில் ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ சேர்த்தேன். இப்போது இதை நல்ல தாளில் திருப்பி எழுதிக் கொடு, முடிந்தது என்று நீட்டினேன்.

தாளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தாள். அதை நாலாக மடித்து என் கைப்பைக்குள் அவளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். போய் அங்கே உட்கார்ந்தாள். அப்போது உட்கார்ந்தவள்தான். நீங்கள் வந்தது அதற்கு அப்புறம்.

நேரம் என்ன ஆயிற்று? பியூன் சாவிக்கொத்தோடு வந்துவிட்டான் பாருங்கள்.

எனக்குத் தெரியும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. அவள் எழுதினதை அப்படியே விட்டிருக்கலாம் என்றுதானே? அந்தத் தாள் கிழியவில்லை, என் பையில்தான் இருக்கிறது. ஆனால் என் பேனா அதில் பட்டுவிட்டதே. இனி அவள் அதைத் தொட மாட்டாள். புதிதாகத்தான் எழுத வேண்டும். நான் போய்ச் சொன்னால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வெளி ஆள் சொன்னால் கேட்பாள். நீங்கள் போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன், அக்கா. மக்களே, அம்மா ஒன்றும் பேச மாட்டாளாம், நீ எழுது என்று. என்ன? உங்கள் பெயரையா கூப்பிடுகிறார்கள்? டி.சி. எங்கே ஓடிப் போகிறது, போகிற வழியில் அந்த மரத்தடியில் ஒரு நிமிஷம்... சரி. சரி, போங்கள். உங்களுக்கும் வேலை இருக்கிறது.

பெனிலா.

ஏட்டி, பெனிலா. நானே வந்துட்டேன், பாரு. இந்தா, வெள்ளைத் தாள். நான் ஒண்ணுமே எழுதல இதுல, ரெண்டு பக்கமும் பார்த்துக்கோ. உனக்கு என்ன தோணுதோ அதை எழுது. அம்மான்னு எத்தனை தடவை வேணும்னாலும் எழுது. நாற்பத்து மூணு போடு, ஐம்பதே போடு, எனக்கென்ன. நான் படிக்க மாட்டேன். இதோ, இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்டேன். உன் கையை வெச்சு மறைக்கவும் வேண்டாம்.

அந்த ஆள் கதவுகிட்ட நிக்கான். சீக்கிரம்.

தேதியை வலது மூலையில போடு. மார்ஜின் விட்டு எழுது.

எழுதற சத்தமே கேக்கலையே, மக்கா. நான் திரும்பல. எழுதறியா, இல்லையா, அதை மட்டும் சொல்லு.